கொச்சிக்காரர் கேட்ட துண்டு

அவர் கொச்சியிலிருந்து வந்த யூதர். ஒல்லியான ஆள், தலையில் குல்லா. தங்கள் கோயில் திரையில் சாமி பேரை அவர்கள் எழுத்திலேயே எங்கள் தறியில் நெய்யச் சொல்லியிருந்தார். நெய்ததை வலமிருந்து இடமாக, விரல் படாமல் படித்துப் பார்த்தார்.

"முதலில் நெய்து பழகிய துண்டு எங்கே அம்மா? பேர் உள்ளதை எறியக்கூடாது. எங்கள் இடுகாட்டில் புதைக்கணும்."

நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற என் கொழுந்தன் அந்தத் துண்டில்தான் வெற்றிலை எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சாமி, துணிக்கும் கருமாதியா?" என்று சிரித்துக்கொண்டே நீட்டினான்.

அவர் இரு கையாலும் வாங்கி, அந்தக் கறையோடு முத்தமிட்டு மடித்துக்கொண்டார்.

தலைமுறை தலைமுறையாகச் சாமிக்குப் பட்டு நெய்கிற வீடு எங்களுடையது. அன்றிலிருந்து கொழுந்தனுக்குச் சோறு போடக் கை கூசுகிறது.