ரெனீட்டாவின் ‘முடியாது’

அமெரிக்காவின் டர்ஹாம் நகரில் ரெனீட்டா பிரிட்ஜெனுக்கு இரண்டு வேலை. சம்பளம் வருவது ஒன்றுக்குத்தான்.

சம்பளம் தருவது பைன்நாட் என்ற மென்பொருள் நிறுவனம். உலகமே சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருக்கும் நிரலை எடுத்துச் சோதித்து, வங்கிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் விற்கிறார்கள். சும்மா கிடைப்பதை எவன் வாங்குவான் என்று அவள் தங்கையின் கணவன் ஒவ்வொரு நன்றி நாள் விருந்திலும் வான்கோழியைக் கடித்துக்கொண்டே கேட்பான்.

“திடீர்னு எல்லாம் நின்னுபோச்சுன்னா யாருக்குப் போன் போடுவ? எங்களுக்குத்தான். அதுக்குத்தான் காசு” என்பாள் ரெனீட்டா.

இன்னொரு வேலைதான் அவளுக்கு உயிர். அந்த நிரலில், தகவலை டிஸ்கில் எழுதும் பகுதிக்கு அவள்தான் பொறுப்பாளர். எந்த ஊரிலிருந்து எந்தக் கம்பெனிக்காரன் திருத்தம் அனுப்பினாலும், அவள் சரி என்றால்தான் உள்ளே போகும். இது பைன்நாட் கொடுத்த பதவி இல்லை. ஆஸ்பத்திரிக் கணினி அறையில் வேலை பார்த்த நாளிலிருந்து அவள் அனுப்பிய திருத்தங்களைப் பார்த்துவிட்டு, அந்த நிரலில் உழைப்பவர்கள் கூடிக் கொடுத்தது. பைன்நாட் அவளை வேலையிலிருந்து தூக்கலாம், இந்தப் பொறுப்பிலிருந்து தூக்க முடியாது. இதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அவளுக்குத் தகும்.

அந்தப் பொறுப்பை அவளுக்குக் கொடுத்த அன்றைக்கு ஒரே ஒருவன்தான் எதிர்த்தான். மாண்ட்ரியாலில் போட்டிக் கம்பெனியில் இருக்கும் லூக் திபோ. “சம்பளம் கொடுக்கிறவர்கள் கேட்டால் இவர் மறுப்பாரா?” என்று எல்லாரும் படிக்கும் மின்னஞ்சல் குழுவிலேயே எழுதிவிட்டான். அவள் பதில் எழுதவில்லை. மறக்கவும் இல்லை.

அந்தக் கேள்வி நிஜமாகவே வாசலில் வந்து நின்றது, ராய்ஸ் லாசிட்டர் உருவத்தில். ராய்ஸ் அவளுடைய மேலாளர், அவளைவிடச் சின்னவன். கையில் ஒரு தட்டு நிறைய வினிகர் ஊற்றிய பன்றி இறைச்சி.

“மிஸ் ரெனீட்டா, சூடா இருக்கு, சாப்பிடுங்க.”

“என்ன வேணும் ராய்ஸ்?”

“நம்ம பசங்க ஒரு திருத்தம் அனுப்பியிருக்காங்க. டிஸ்க்ல எழுதுறது ரெண்டு மடங்கு வேகம். நீங்க சரின்னுட்டா இந்த வாரப் பதிப்புல போயிடும். வேகம் வேணும்னு கேட்ட வங்கிக்காரங்ககிட்ட வாக்கு குடுத்துட்டேன்.”

“என்னைக் கேக்காமலா?”

“நம்ம திருத்தம்தானே.”

“படிச்சேன். டிஸ்க்கு இன்னும் எழுதி முடிக்கல, அதுக்குள்ள ‘எழுதியாச்சு’ன்னு சொல்லுது. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனா, எழுதாத தகவலெல்லாம் போச்சே?”

“வங்கில பேட்டரி இருக்கு.”

“வங்கில இருக்கு. நான் முன்ன வேலை பார்த்த ஆஸ்பத்திரில கிடையாது. இது எல்லாருக்கும் போற நிரல்.”

“ஒரு சுவிட்ச் வெச்சுடலாமே. வேணுங்கிறவங்க போட்டுக்கட்டும்.”

“‘வேகம்’னு எழுதி சுவிட்ச் வெச்சா எவன் போடாம இருப்பான்?”

ராய்ஸ் குரலைத் தாழ்த்தினான். “இந்த வங்கி கைவிட்டுப் போச்சுன்னா மேல இருக்கவங்க உங்களையும் சேர்த்துத்தான் கேப்பாங்க.”

“கேக்கட்டும் கண்ணு. தட்ட வெச்சுட்டுப் போ.”

இறைச்சியைத் தின்று முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தாள். அது வேறு, இது வேறு. ஆனால் பயமாகத்தான் இருந்தது. இந்த வயதில் இன்னொரு வேலை தேடுவது விளையாட்டா? இருந்தாலும் பொதுக் குழுவில், தன் கம்பெனிக்கே, எல்லார் முன்னாலும் எழுதினாள்: “முடியாது. எழுதாததை எழுதியாகிவிட்டது என்று இந்தப் பகுதி ஒருபோதும் சொல்லக்கூடாது.”

விளைவு உடனே வந்தது. போட்டிக் கம்பெனியின் விற்பனையாட்கள் அந்த மின்னஞ்சலையே வங்கிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பைன்நாட்டின் சொந்த ஆளே பைன்நாட்டை நம்பவில்லை, நாங்கள் செய்து தருகிறோம் என்றார்கள். மேலே கூப்பிட்டு அவளுக்கு விசுவாசம் பற்றி ஒரு பாட்டம் வகுப்பெடுத்தார்கள். ராய்ஸ் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினான்.

ஆனால் பொது நிரலில் ஏறாததை எந்தக் கம்பெனியும் விற்பதில்லை. விற்றால், வரும் ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் அதைத் தானே தனியாகச் சுமக்க வேண்டும். எனவே போட்டிக் கம்பெனியும் அவளிடம்தான் வந்தாக வேண்டும். வந்தது. அதே மாதிரி வேகத் திருத்தத்தை அனுப்பியிருந்தவன் லூக் திபோ.

குழு முழுவதும் அவள் பதிலுக்குக் காத்திருந்தது. சரி என்றால் கொள்கை போச்சு. முடியாது என்றால் பழி தீர்க்கிறாள் என்பார்கள். ரெனீட்டா அவனுடைய திருத்தத்தை வரிவரியாகப் படித்தாள். எழுதிய விதம் அழகு, அதை ஒப்புக்கொண்டாள். ஓட்டை மட்டும் அதே ஓட்டை. தன் கம்பெனிக்கு எழுதிய பதிலை அப்படியே எடுத்து, ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்பினாள்.

அவள் காபி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் லூக்கின் பதில் வந்திருந்தது. “சரியான முடிவு. அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். முன்பு உங்களைப் பற்றி நான் கேட்டது தவறு. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.”

அதை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். காபி ஆறிப்போனது. சந்தோஷத்தில் கொஞ்சம் அழுகைகூட வந்தது. பட்டம், பதவி உயர்வு எதுவும் தராத பெருமையை மாண்ட்ரியாலிலிருந்து ஒரு போட்டிக்காரன் தந்துவிட்டான்.

யாரிடமும் அந்தச் சரக்கு கிடைக்காததால் வங்கி கடைசியில் வேகமான டிஸ்குகளை வாங்கிப் போட்டுக்கொண்டு பைன்நாட்டிலேயே இருந்துவிட்டது. சில வாரம் கழித்து ராய்ஸ் அவள் மேசையருகே வந்து நின்றான். கையில் தட்டு இல்லை.

“அவனுக்கும் அதே ரெண்டு வரியா?”

“புதுசா எழுத சோம்பேறித்தனம்.”

சிரித்துவிட்டான். பிறகு தயங்கினான். “பசங்க வேற ஒண்ணு எழுதியிருக்காங்க. அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க ஒருதரம் பாத்துச் சொல்றீங்களா? நமக்குள்ள.”

“நமக்குள்ள வேணாம் ராய்ஸ். எல்லாரும் பாக்குற இடத்துக்கு அனுப்பு. அங்க பாக்குறேன்.”

ராய்ஸ் தன் இடத்துக்குப் போய் அனுப்பினான்.