கோலத்தைத் தின்ற நத்தைகள்

முதல் நத்தையை நான் விருந்தாளி மாதிரிதான் நடத்தினேன். கொச்சி மட்டாஞ்சேரியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய இஞ்சிக் கிடங்கு பூட்டிக் கிடக்கிறது. ஜூன் மழையில், அதன் சுவரிலிருந்து உள்ளங்கை நீள ஓட்டைச் சுமந்துகொண்டு அது இறங்கி வந்தது.

"சொந்த வீட்டோட வந்திருக்கார், நம்மளவிட வசதி" என்றேன் மனைவியிடம்.

"அவர் வாய் எங்க இருக்குனு பாத்தீங்களா? என் கீரை மேல."

அந்தக் கீரைப் பாத்திதான் அவள் பிழைப்பு. விடியலில் கிள்ளி, வடை சுட்டு, சுள்ளிக்கல் பக்கம் ஒரு சாயாக்கடைக்குக் கொடுப்பாள். மசாலாக் கடையில் எடை போடும் என்னைவிட அந்த வடைக்குத்தான் தெருவில் மரியாதை.

ஒரு வாரத்தில் நான்கு வந்தன. அடுத்த வாரம் எண்ணுவதை விட்டேன். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில், எந்த இரண்டு சந்தித்தாலும் முட்டைதான் என்றார் பக்கத்து வீட்டுச் சேட்டன். பெண் பார்க்கும் அலைச்சலே இல்லையே என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கழிஞ்ச வருஷம் அந்தக் கிடங்கு முற்றத்துல காடு இருந்துச்சே, அதுல ரெண்டு செம்போத்துப் பட்சி இருந்துச்சு. இந்த ஒச்சை, அதான் உங்க நத்தையை, கொத்தித் தின்னும். காட்டை வெட்டினது ஆரு, அண்ணாச்சி?"

நான்தான். பாம்புக்குப் பயந்து அரிவாளோடு போய் வெட்டினேன். வெட்டிய கையோடு இதே சேட்டனிடம் சாயா வாங்கிக் குடித்து வீரம் பேசியதும் ஞாபகம் வந்தது.

வெறும் அரிசி மாவு இந்த மழைக்கு நிற்காது என்று, மனைவி அதில் சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்துதான் வாசலில் கோலம் போடுவாள். ஒரு காலையில் பாதிக் கோலத்தைக் காணோம். கோடு இருந்த இடத்தில் ஈரப் பளபளப்பு. நடுப்புள்ளி இருந்த இடத்தில் ஒரு நத்தை, தானே புள்ளி என்பது போல உட்கார்ந்திருந்தது.

உடனே எனக்கு மூளை வேலை செய்தது. அது வேலை செய்யும் நாட்களில்தான் வீட்டுக்கு ஆபத்து. அன்று சாயங்காலமே கொல்லையில் ஒரு பெரிய கோலம் போட்டேன்.

"அதுங்களுக்குப் பந்தி விரிக்கிறீங்களா?" என்றாள்.

"பந்தி இல்லடி, பொறி."

விடிந்ததும் ஒரு வாளி நிறைய அள்ளி உப்பில் போட்டேன். மறுநாள் இரண்டு வாளி. தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்றாம் நாள் வாளி போதவில்லை. சேட்டன் மதில்மேல் தலையை நீட்டினார்.

"அண்ணாச்சி, வாளிக்கு வந்தது பாதி. மத்த பாதி வயிறு நிறைய சுண்ணாம்பு தின்னுட்டு மண்ணுக்குள்ள போயாச்சு. ஓட்டுக்கும் முட்டைக்கும் அதுதான் வேணும். நீங்க கர்ப்பிணிக்கு மருந்து கொடுக்கற மாதிரி கொடுத்திருக்கீங்க."

அன்று சாயங்காலம் நான் கொல்லையில் கோலம் போடவில்லை.

கோலம் இல்லாத இரவில் பசி எங்கே போகும்? மறுநாள் விடியலில் பாத்தியில் தண்டுகள் மட்டும் ஈர்க்குச்சி போல நின்றன. காலிக் கூடையோடு மனைவி நிமிர்ந்தாள்.

"வடை இல்லைன்னு கடைக்காரர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க."

அன்று அவள் வாசலிலும் கோலம் போடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்த முதல் வெறும் வாசல்.

நான் திரும்பி வரும்போது மழை பிடித்திருந்தது. கொல்லையில் அவள் புது விதைப் பொட்டலத்தோடு நின்றிருந்தாள். பாத்தியைக் கொத்திக் கொடுக்க மண்வெட்டியைப் போட்டேன். முதல் கொத்திலேயே ஜவ்வரிசி போல இளமஞ்சள் முட்டைகள் கொத்தாகப் புரண்டன. அடுத்த கொத்திலும். அதற்கடுத்ததில் சில முட்டைகள் வெடித்து, நகத்தளவு ஓடுகள் ஊர்ந்தன.

மழை கொஞ்சம் அடங்கியபோது இன்னொன்று கேட்டது. யாரோ நிதானமாகத் தேங்காய் துருவுவது போன்ற மெல்லிய சத்தம், கிடங்குச் சுவரிலிருந்து. நத்தைகள் வெள்ளையடித்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தன.

"விதைக்கவா, வேண்டாமா?" என்றாள்.

மண்வெட்டியை மண்ணிலிருந்து உருவி மதிலில் சாய்த்தேன். அவள் பொட்டலத்தின் வாயை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.