துண்டுக்குள் இருந்து பார்த்த சங்கு

போன வருடம் பள்ளி விடுமுறையின்போது, பினாங்கில் நான் துப்புரவு வேலை செய்யும் தொழிற்சாலையிலிருந்து பாயார் தீவுக்குச் சுற்றுலா போனோம். அது பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா. எனக்கு நீச்சல் தெரியாது. படகு கவிழ்ந்தால், வாந்தி வந்தால் என்று ஒரு வாரமாகத் தூக்கமில்லை. டத்தோ கிராமாட்டில் இருக்கும் என் வீட்டில் கேஸை மூடினேனா என்ற கவலை வேறு படகில் கூடவே வந்தது.

படகில் வழிகாட்டியான மலாய்ப் பெண் விதிகளைச் சொல்லி, ஆளுக்கொரு தாள் கொடுத்தார். மீனுக்கு ரொட்டி போடக் கூடாது, பவளத்தை மிதிக்கக் கூடாது, ஒரு கிளிஞ்சல்கூட எடுத்துப் போகக் கூடாது. மற்றவர்கள் செல்ஃபி எடுப்பதில் மும்முரமாக இருந்தார்கள். நான் ஃபார்ம் டூவோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளியை விட்டவள். ஏதாவது தப்பாகப் புரிந்துகொள்வேனோ என்ற பயத்தில் மூன்று முறை படித்தேன்.

தீவில் எல்லோரும் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். நான் மட்டும் மிதவைச் சட்டையைக் கழற்றாமல் மணலில் உட்கார்ந்து பைகளுக்குக் காவல் இருந்தேன். மதியம் எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் கையில் ஒரு சங்கோடு கரையேறினார். வலம்புரி என்றார். எங்களில் யாரும் வலம்புரியைப் பார்த்ததில்லை. இருந்தாலும் ஆளாளுக்கு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அண்ணன் அதை ஈரத்துண்டில் சுற்றித் தன் பையில் வைத்து, என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கொஞ்ச நேரத்தில் துண்டு அசைந்தது. விலக்கிப் பார்த்தேன். ஓட்டுக்கு வெளியே, காம்பு மாதிரி நீண்ட இரண்டு கண்கள் என்னையே பார்த்தன.

வழிகாட்டிப் பெண் ஆழமான பக்கத்தில் டைவிங் செய்தவர்களோடு இருந்தார். அடுத்த மாதம் என் கான்ட்ராக்ட் முடிகிறது. புதுப்பிக்க சூப்பர்வைசர் அண்ணன்தான் கையெழுத்துப் போட வேண்டும்.  ஆனாலும் அவர் சாப்பிடும் இடத்துக்குப் போய், சங்கு உயிரோடு இருக்கிறது, திரும்ப விட்டுவிடலாம் என்று சொன்னேன்.

"சாமி மேடைக்குத்தானே லா. ஃபார்ம் டூ படிச்சவ எனக்குச் சட்டம் சொல்றியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது.

"அந்த ஃபார்ம் டூவுலதாண்ணே படிக்கக் கத்துக்கிட்டேன். அந்தத் தாளுல எடுக்காதன்னுதான் எழுதியிருக்கு."

திரும்பி வந்து, சங்கை எடுத்துக்கொண்டு நேராகக் கடலுக்குள் நடந்தேன். முழங்கால், இடுப்பு என்று தண்ணீர் ஏறியது. கை நீளத்துக்குக் குட்டிச் சுறாக்கள் காலைச் சுற்றின. அவை ஒன்றும் செய்யாது என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். என் காலுக்கு அது தெரிய வேண்டுமே! எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை, ஒருவரையும் விட்டிருக்க மாட்டேன். மூச்சைப் பிடித்துக் குனிந்து மணலில் வைத்தேன். சங்கு ஓட்டுக்குள்ளிருந்து ஒற்றைக் காலை நீட்டித் தரையை உந்தி, தானே புரண்டு நிமிர்ந்தது. யாரையும் கேட்கவில்லை.

கரையிலிருந்து சூப்பர்வைசரின் குரல் கேட்டது. "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

"பார்த்துக்கலாம்ணே" என்றேன். சொல்லிக்கொண்டே கரையேறினேன்.

அந்த மாதம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. கான்ட்ராக்டின் கடைசி நாளன்று அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். கூடவே மூன்றாம் மாடிக் கழிப்பறைகள் அத்தனையையும் என் தலையில் கட்டினார். கட்டட்டும். நன்றாகத் தேய்த்துக் கழுவுகிறேன்.

கேஸை மூடினேனா என்று இன்றைக்கும் பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிறவள்தான் நான். ஆனால் அந்தச் சங்கை விட்டது சரிதானா என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.