மார்ஷ்மெலோச் சலாதும் அம்மாவின் நேர்த்தியும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்தோடு பக்கத்து ஊரான அஜக்ஸுக்குப் போய்வந்தேன். அன்று தொடங்கிய குழப்பம் இன்னும் தீரவில்லை.

கிண்ணத்துக்குள் இருந்தது சாலட். சொல்லித் தந்தவர் அப்படித்தான் சொன்னார். அன்னாசித் துண்டு, தோடம்பழச் சுளை, தேங்காய்த் துருவல், கிறீம், இளஞ்சிவப்பிலும் பச்சையிலும் குட்டிக் குட்டி மார்ஷ்மெலோ... இதில் எது சாலட்? வெங்காயம் எங்கே? எலுமிச்சம்புளி எங்கே?

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் வேலை செய்யும் ஃபார்மசியில் ஹெதர் என்று ஒருவர் இருக்கிறார். மாதம் ஒருமுறை மதியச் சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு கறி கொண்டுபோவோம். ஹெதர் கொண்டுவந்த வெள்ளைக் கிண்ணத்தை நான் கடைசிக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். பார்த்தால், மற்ற எல்லோரும் அதைக் கோழிக்குப் பக்கத்தில் போட்டுச் சாப்பிடுகிறார்கள்.

"இது டெசேட் இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லையே, சாலட்" என்றார்.

"இதில் மார்ஷ்மெலோ இருக்கிறதே?"

"பழமும் இருக்கிறதே" என்றார் ஹெதர். அவருக்கு அதில் எந்தக் குழப்பமும் இல்லை.

செய்முறை சுகம். வெட்டத் தேவையில்லை, அவிக்கத் தேவையில்லை, தாளிக்கவே தேவையில்லை. டின்களைத் திறந்து பழச்சாற்றை முழுதாக வடிக்க வேண்டும். புளிப்புக் கிறீமையும் அடித்த கிறீமையும் கலந்து, பழம், தேங்காய்ப்பூ, மார்ஷ்மெலோ எல்லாவற்றையும் போட்டு மெல்லப் புரட்ட வேண்டும். நாலு மணித்தியாலம் பிரிட்ஜில் வைக்க வேண்டும். அவ்வளவுதான். சாற்றை வடிப்பதில் சோம்பல் பட்டால் மட்டும் கஞ்சியாகிவிடும். எனக்கு முதல் தடவை கஞ்சிதான் வந்தது.

இரண்டாவது தடவை நன்றாக வந்தது. அதைத்தான் மதி அன்ரியின் புதுவீட்டுக் குடிபூரலுக்குக் கொண்டுபோனேன். அன்ரி எங்களோடு ஸ்கார்பரோவில் ஒரே கட்டடத்தில் இருந்தவர். இப்போது அஜக்ஸில் வீடு வாங்கிவிட்டார். ஐயர் வந்து, பால் காய்ச்சி, பிறகு மதியச் சாப்பாடு. போனில் அன்ரி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"எல்லாம் சைவம்தான் பிள்ளை. நீ என்ன கொண்டு வந்தாலும் முட்டை இல்லாமல் பாத்துக் கொண்டு வா."

இது என்னிடம் சொல்ல வேண்டிய விஷயமா?

இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும், எங்கள் குடும்பத்தில் முழுதாகப் படித்த முதல் ஆள் நான். அம்மாவின் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. அப்பா அந்த அளவுக்கும் போகவில்லை. நான் மருந்தியல் பட்டதாரி. இதை நான் அடிக்கடி சொல்வேன், சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை. ஒன்பது வயதிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் கடிதம், படிவம், பொதி, போத்தல் எல்லாவற்றையும் வாசிப்பது நான்தான். அம்மா கடையில் எதை எடுத்தாலும் என் முகத்துக்கு முன்னால் நீட்டுவார். நான் வாசித்துத் தலையாட்டினால்தான் அது வண்டிலுக்குள் விழும்.

ஆகவே வாசித்தேன். கிறீம் டப்பாவை வாசித்தேன், முட்டை இல்லை. தேங்காய்ப்பூப் பக்கெற்றை வாசித்தேன், முட்டை இல்லை. மார்ஷ்மெலோப் பக்கெற்றையும் வாசித்தேன். முட்டை இல்லை.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா அப்போது ஆறு வாரமாக மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடவில்லை. மீன் இல்லாமல் சோறு இறங்காத மனுசி அவர். ஆனால் என்னுடைய மருந்தாளர் லைசென்ஸ் பரீட்சை முடிவு வரும்வரை மச்சம் தொடுவதில்லை என்று முருகனுக்கு நேர்ந்திருந்தார். போன வருடமும் இப்படித்தான் நேர்ந்தார். போன வருடம் நான் ஃபெயில். அப்போது அம்மா ஒரு கலியாண வீட்டில் சாப்பிட்ட கட்லட்டைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். மரக்கறிக் கட்லட் என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். ஆனால் வாயில் மீன் மணந்ததாம். "நான்தான் குறை விட்டிட்டன்" என்று எத்தனை நாள் சொன்னார்...

401 நெடுஞ்சாலையில் போகும்போது அம்மா பின்சீட்டில் இருந்து கிண்ணத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். "கெதியா ஓடாதை, சலாது குலுங்குது" என்று மூன்று தடவை சொன்னார்.

அங்கே போனதும் அடுத்த சிக்கல். இதை எங்கே வைப்பது?

"இதென்ன பிள்ளை?" என்றார் மதி அன்ரி.

"சாலட், அன்ரி."

சலாது என்றால் சோற்றோடு வைப்பது. இதில் அன்ரிக்கு என்ன குழப்பம்? கிண்ணத்தை வாங்கிக் கத்தரிக்காய்க் குழம்புக்கும் அப்பளத்துக்கும் நடுவில் வைத்துவிட்டார். ஒருவரும் பார்க்காத நேரமாய் நான் அதைத் தூக்கிப் பாயாசத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் மறுபடியும் குழம்புக்குப் பக்கத்தில். இப்படி மூன்று முறை. பிறகு விட்டுவிட்டேன்.

அன்ரியின் கணவர் பத்மன் அங்கிள் இரண்டு கரண்டி எடுத்து மரக்கறிப் புரியாணியின் மேலேயே போட்டார். குழைத்தார். சாப்பிட்டார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"தயிர்ப் பச்சடி இனிக்குது" என்றார். "ஆனா பிழையில்லை."

"அது பச்சடி இல்லை அங்கிள்."

"அப்ப என்ன?"

எனக்குத் தெரிந்தால்தானே சொல்வேன்.

"முட்டை இல்லைத்தானே?" என்று மதி அன்ரி காதுக்குள் கேட்டார்.

"இல்லை அன்ரி. எல்லாப் பக்கெற்றும் வாசிச்சுத்தான் போட்டனான்."

"பிறகென்ன, படிச்ச பிள்ளை." அன்ரி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அடுத்ததைச் சொன்னார். "பயப்பிடாமல் சாப்பிடுங்கோ, சுத்தச் சைவம்."

நாற்பது பேர் இருந்திருப்பார்கள். சாப்பிட்டார்கள்.

அம்மா ஒரு கோப்பை சாப்பிட்டார். பிறகு இரண்டாவது கோப்பையோடு வந்து என் பக்கத்தில் இருந்தார். ஆறு கிழமைக்குப் பிறகு அம்மா ருசித்துச் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

"வாயில வைச்ச உடன காணாமல் போகுது" என்றார். "என்ன உது, பஞ்சு மாதிரி?"

"சீனி, அம்மா" என்றேன்.

பட்டதாரியின் பதில். ஒரு சொல்.

அடுத்த நாள் திங்கட்கிழமை. அஜின்கோர்ட்டில் எங்கள் ஃபார்மசிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ் ஆட்கள். லைசென்ஸ் வரும்வரை நான் உதவியாளர்தான், ஆனாலும் தமிழில் பேச வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு அங்கிள் வந்து மருந்துப் போத்தலைத் தூக்கிக் காட்டினார்.

"பிள்ளை, உந்தக் குளிசை சைவமோ?"

இது நான் மாதத்தில் பத்துத் தடவை பதில் சொல்லும் கேள்வி. வாய் தன்பாட்டில் தொடங்கியது.

"இது கப்சூல், அங்கிள். மருந்து சைவம்தான், மேல் கோதுதான் ஜெலட்டின். மாட்டின்ர, பண்டியின்ர தோல், எலும்பு அவிச்சு எடுக்கிறது. ஜெல்லி, மார்ஷ்மெலோ உதுகளிலயும் இருக்கிறது அதுதான். நீங்கள் விரும்பினால் டொக்டரிட்டக் கேட்டு..."

அதற்கு மேல் வரவில்லை.

மார்ஷ்மெலோ. நானேதான் சொன்னேன். ஒரு வருடமாக இந்தக் கவுண்டரில் நின்று இதே உதாரணத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"என்ன பிள்ளை, முகமெல்லாம் வேர்க்குது" என்றார் அங்கிள். "பிரஷர் பாக்கிற மெசின் அந்தப் பக்கம் கிடக்கு, போய் ஒருக்காப் பார்."

இடைவேளையில் பக்கத்துக் கடைக்கு ஓடினேன். அதே பக்கெற். ஜெலட்டின் என்று பெரிதாகத்தான் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அந்தச் சொல் அங்கேதான் இருந்திருக்கும். என் கண்ணும் அதன் மேலால் போயிருக்கும். ஆனால் நான் தேடியது முட்டையை. முட்டை இல்லை என்றால் சைவம்... எங்கள் ஆட்கள் கேக் வாங்கிப் பழகிய கணக்கு அது. நான்கு வருடப் படிப்பும் அந்தக் கணக்கோடுதான் போய்ப் பக்கெற்றை வாசித்திருக்கிறது.

குழப்பம் இனித்தான். தெரியாமல் சாப்பிட்டால் நேர்த்தி முறியுமா? முறியும் என்றால் யாருடைய குறை? சாப்பிட்டவருடையதா, ஊட்டியவருடையதா? அம்மாவிடம் சொல்வதா, விடுவதா? சொன்னால் மனுசி உடைந்துபோவார். சொல்லாமல் விட்டு, நான் பாஸ் பண்ணினால்? கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைப்பார். நான் பக்கத்தில் நின்று கும்பிடுவேனா? ஃபெயில் என்றால் அம்மா இன்னொரு கட்லட்டைத் தேடத் தொடங்குவார்.

வீட்டுக்குப் போனால், அம்மா கேட்கிறார்: "வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அந்தச் சலாதைச் செய்வமோ? எல்லாரும் கேக்கினம்."

"பாப்பம் அம்மா" என்று அறைக்குள் போய்விட்டேன்.

இந்தப் பத்தியை நான் எழுதி முடித்ததும் முதலில் கேட்பவர் அம்மாதான். அவருக்கு வாசிக்க வராது, நான் வாசிப்பேன். இந்த வாரம் செய்முறையைப் பற்றி வேடிக்கையாக எழுதித் தப்பிவிடலாம் என்று பார்த்தேன். அம்மா குசினி மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் வாசித்தேன். ஹெதருக்குச் சிரித்தார், பத்மன் அங்கிளுக்கு இன்னும் சிரித்தார். "என்ன உது, பஞ்சு மாதிரி" என்ற இடத்துக்கு வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

"மிச்சத்தை வாசி" என்றார்.

வாசிக்க மிச்சம் எழுதவில்லை. வாயால் சொன்னேன்.

அம்மா கையிலிருந்த கீரையை மேசையில் வைத்தார்.

"மாடோ, பண்டியோ?"

"அது போட்டிருக்கேல்லை, அம்மா."

"எதெண்டு தெரியாமல் என்னெண்டு மன்னிப்புக் கேக்கிறது?"

அம்மா இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு கோப்பை" என்றார். பிறகு, "போன முறை கட்லட். இந்த முறை இது."

அப்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, போன முறை நான் கட்லட்டால ஃபெயில் விடேல்லை. மருந்தளவுக் கேள்வியளில நேரம் போதாமல் போட்டுது. நான் அந்தப் பகுதியைச் சரியாப் படிக்கேல்லை."

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உதை ஏன் அப்ப சொல்லேல்லை? ஒரு வருசமா நான் அந்தக் கட்லட்டைக் காவிக்கொண்டு திரியிறன்."

ஏன் சொல்லவில்லை? வீட்டின் முதல் பட்டதாரி படிக்காமல் ஃபெயில் விட்டாள் என்பதைவிட, பழி கட்லட்டின் மேல் கிடப்பது எனக்கு வசதியாக இருந்தது. நான் எத்தனையோ கடிதம் வாசித்துக் காட்டியிருக்கிறேன். அந்த ஒரு முடிவை மட்டும் அம்மாவுக்குப் பாதிதான் வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

"நான் தெரிஞ்சு சாப்பிடேல்லை" என்றார் அம்மா. "அது முருகனுக்குத் தெரியும். நீ படிச்சும் பாக்கேல்லை. அதுவும் அவருக்குத் தெரியும்." கீரைக் கட்டில் பாதியை என் பக்கம் தள்ளினார். "ரிசல்ட் வருமட்டும் இனி நீயும் சைவம். இதை ஆய். இனிமேல் கடையில சத்தமா வாசி, நானும் கேக்கிறன். முட்டையை மட்டும் தேடாதை."

ஆய்ந்தேன். முடிவு அடுத்த வாரம் வருகிறது. எதுவாக இருந்தாலும் இந்த முறை முழுதாக வாசிப்பேன்.

"மதி அன்ரிக்குச் சொல்ல வேணுமோ அம்மா?"

"வேண்டாம், வேண்டாம். அவள் திரும்ப ஐயரைக் கூப்பிட்டுப் பால் காய்ச்சுவாள்." அடுத்த கீரைத் தண்டை எடுத்தார். "நீ உதை எழுதத்தானே போறாய்?"

"ஓம்."

"அப்ப பேரை மாத்தி எழுது."

மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் போன ஞாயிறு அஜக்ஸில் வெள்ளைக் கிண்ணம் வைத்த குடிபூரல் எத்தனை நடந்திருக்கும்?

அன்ரி, பால் நான் வாங்கிக்கொண்டு வாறன்.