இரண்டு வகை ஓநாய் மனிதர்கள்

என் வேலை பெரும்பாலும் ஓநாய்களோடுதான். கைபேசியில் தொடர்கதை வாசிக்கிற செயலி ஒன்றுக்கு ஆங்கிலக் கதைகளைத் தமிழாக்கிக் கொடுக்கிறேன். முன்பு பிள்ளைகளுக்கு ஆங்கில ரியூசன் எடுத்துக்கொண்டிருந்தேன். தொண்டை கெட்டுப்போன பிறகு இதற்கு வந்தேன். வருகிற கதைகளில் பாதிக்கு மேல் ஓநாயாக மாறும் ஆண்களின் காதல் கதைகள். நான் கிளிவெட்டியில் பிறந்தவள். வயல்வெளியில் நரி ஊளையிடக் கேட்டு வளர்ந்தவள். ஓநாயைக் கண்டதில்லை, எங்கள் தீவில் அது இல்லை. இல்லாத ஒரு மிருகத்தின் காதலையே திரும்பத் திரும்ப எழுதி அலுத்துப்போயிருந்தேன்.

என் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கிறவள் சென்னையில் இருக்கும் ஒரு பெண். போன வருடம் ஒருநாள் காலையில் அவள் அழைத்தாள்.

“அக்கா, கமெண்ட்ல ஒரே சண்டை. லைகன் வேற, வேர்வுல்ஃப் வேற. நீங்க ரெண்டுக்கும் ஓநாய் மனிதன்னே போட்டிருக்கீங்க.”

“ரெண்டும் ஒண்டுதானே தங்கச்சி?”

“இல்லக்கா. வேர்வுல்ஃபுக்கு முழுநிலா வந்தா மாறியே ஆகணும். நாலு கால்ல ஓடும். மறுநாள் ஒண்ணும் ஞாபகம் இருக்காது. லைகன் நெனச்சா மாறுவான். ரெண்டு கால்ல நிப்பான். புத்தி மனுஷ புத்தியாவே இருக்கும்.”

தேடி வாசித்துப் பார்த்தேன். பழைய கதைகளில் அப்படி ஒரு பிரிவே இல்லை. லைகன் கிரேக்கச் சொல்லின் வெட்டுத்துண்டு, வேர்வுல்ஃப் வடக்கு ஐரோப்பியர்களின் சொல். இரண்டுக்கும் ஓநாய் மனிதன் என்றுதான் பொருள். இன்னொன்றும் கண்டேன். கிரேக்கக் கதையில் ஒரு அரசன் கடவுளைச் சோதிக்க மனித இறைச்சியைச் சமைத்து வைக்கிறான். கடவுள் அவனை ஓநாயாக்கிவிடுகிறார். அதில் அவன் விருப்பம் என்று எதுவும் இல்லை. வடக்கத்திக் கதைகள் பலவற்றில் ஆட்கள் ஓநாய்த்தோல் வாரைக் கட்டிக்கொண்டு, தைலம் பூசிக்கொண்டு, தாங்களாகவே மாறுகிறார்கள். முழுநிலாவை உறுதியாகப் பிடித்துக்கொண்டது சினிமாதான். ஆக, இன்றைய கதைக்காரர்கள் பழைய கதையைத் தலைகீழாகத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். “வாசகர்களுக்கு அது வேண்டாம்கா, வித்தியாசம் மட்டும் போதும்” என்றாள். அவள் சொன்னதும் சரிதான்.

அந்தக் கிழமைதான் என் கணவர் என் கையைக் கடித்தார்.

அவருக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம். துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வரும் படகில் எஞ்சின் பார்த்தவர். இன்சுலின் ஊசி தொடங்கிய பிறகு, கரைக்கு மாற்றம் கேட்கச் சொல்லி அவரை நெருக்கியவள் நான். மாற்றம் கிடைத்து, இப்போது வேர்க்ஷொப்பில் இருக்கிறார். ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு பிந்தினால் இரத்தத்தில் சீனி விழுந்துவிடும். அப்போது அவர் வேறு ஆள். கல்யாணம் செய்த நாளிலிருந்து என்னை ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவார். சீனி விழுந்தால் ‘நீ’ வரும், ‘அடி’ வரும், அதற்குப் பிறகு நான் எழுத விரும்பாத சொற்களும் வரும். சீனித்தண்ணி உள்ளே போனதும் அடங்கிவிடுவார். “என்ன நடந்தது?” என்று கேட்பார். “ஒண்டுமில்லை” என்பேன். அப்படியே பழகிப்போயிருந்தது.

அன்று மத்தியானம் வெயிலில் நடந்து வந்தவர் உடுப்பும் மாற்றாமல் கதிரையில் இருந்துவிட்டார். சட்டை வேர்வையில் தோய்ந்திருந்தது. பார்வை என்னில் படவில்லை. நான் குசினிக்குள் ஓடிச் சீனி கரைத்துக்கொண்டு வந்தேன்.

“இதைக் குடியுங்கோ.”

“ஆரடி நீ?”

கோப்பையைத் தட்டிவிட்டார். சீனியை விரலில் எடுத்து அவருடைய வாய்க்குள் வைக்கப் பார்த்தேன். கடித்தார். விரலை எடுக்க ஏலாமல் நான் கத்தினேன். பல்லை விட்டதும் என்னை நேரே பார்த்துச் சொன்னார்: “உன்னாலதான் நான் கரையில கிடக்கிறன்.”

சத்தம் கேட்டு அடுத்த வளவிலிருந்து அவருடைய தமக்கை, என் மச்சாள், ஓடி வந்தா. இரண்டு பேருமாகப் பிடித்துச் சீனித்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினோம். அவர் கண் தெளிந்து, தலை சாய்ந்து நித்திரையானார். நான் குழாயடியில் கையைக் கழுவினேன். மச்சாள் பக்கத்தில் நின்றா.

“வருத்தம் வருத்தம் எண்டு சொல்லிறாய். உள்ளுக்கு இருக்கிறதுதானே வெளியில வருது. மனசில இல்லாட்டி அவனுக்கு உந்தக் கதை எங்கயிருந்து வரும்?”

காயத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு போய், ஒரு கையால் தட்டச்சு செய்து அன்றைய அத்தியாயத்தை முடித்தேன். அதில் நாயகன் ஓநாயாகி நாயகியின் தோளைக் கீறுகிறான். விடிந்ததும், நானா செய்தேன் என்று அழுகிறான். அவள் உடனே மன்னித்துவிடுகிறாள். அவளுக்கு எப்படி அது அவ்வளவு சுலபமாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டே எழுதினேன்.

மறுநாள் காலை தேத்தண்ணி குடிக்கும்போது அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கத்தி வெட்டிப்போட்டுது” என்றேன்.

“இல்லை. நான் கடிச்சது.”

“உங்களுக்கு ஒண்டும் ஞாபகம் இருக்கிறேல்லையே?”

“இருக்கும்.” கோப்பையைக் கீழே வைத்தார். “எல்லாம் இல்லை. எஞ்சின் ரூமுக்குள்ள நிண்டால் மேல ஆக்கள் கத்துறது கேக்கும், தெரியுமோ? அப்பிடி. என்ர குரல் எனக்குக் கேக்கும். ஏறிப்போய் நிப்பாட்ட ஏலாது.”

“அப்ப ஏன் ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது எண்டு கேக்கிறீங்கள்?”

“நீர் ஒண்டுமில்லை எண்டு சொல்லுறீர்தானே. அதைக் கேக்கத்தான்.”

இத்தனை வருடமும் நான் அவருக்காகத்தான் பொய் சொல்வதாக நினைத்திருந்தேன். அந்தப் பொய்யைக் கேட்பதற்காகவே அவர் ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. களைப்புத்தான் வந்தது. அந்தக் களைப்பிலேதான் மற்றக் கேள்வியையும் கேட்டுவிட்டேன்.

“என்னாலதான் கரையில கிடக்கிறன் எண்டு சொன்னீங்கள். அது உங்கட மனசில இருக்கோ?”

வெளியே, ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று கேற்றடியில் நின்று மச்சாள் வீட்டுக் குப்பைப் பையை இழுத்துக்கொண்டிருந்தது. அதை விரட்டுவதற்கு எழும்பப் போனவர் திரும்பவும் இருந்தார்.

“ஓம், இருக்கு. ஆனா அது மட்டுமே இல்லை. படகில இருந்திருந்தால் நான் எப்பவோ தண்ணிக்குள்ள விழுந்து போயிருப்பன் எண்டதும் மனசில இருக்கு. சீனி விழேக்க அது வெளியில வருதில்லை.”

நான் அவருக்கு லைகனையும் வேர்வுல்ஃபையும் பற்றிச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. வேறு கதை எனக்கு வரவில்லை. ஒருவனுக்கு மாற்றம் தன் கையில் இல்லை, ஆனால் மறந்துவிடுவான். மற்றவன் தானே மாறுவான், எல்லாம் நினைவிருக்கும். அவர் கடைசிவரை கவனமாகக் கேட்டார்.

“மாறுறதும் தன்ர கையில இல்லை, ஞாபகமும் இருக்கு எண்டால் அதுக்கு என்ன பேர்?”

“நான் வாசிச்ச கதையளில அப்பிடி ஒருத்தன் இல்லை.”

“எழுதினவைக்குச் சீனி வருத்தம் இருந்திருக்காது” என்றார். இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம்.

அடுத்த கிளினிக் நாளில் நானும் கூடப் போனேன். டொக்டர் ஊசியின் அளவைக் குறைத்தா. என் கையைப் பார்த்து, “இனி விரலை வாய்க்குள்ள வைக்காதேங்கோ” என்று பேசினா. வாற வழியில் மச்சாள் சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் அன்றைக்கே தமக்கை வீட்டுக்குப் போனார். என்ன கதைத்தார் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மச்சாள் அந்தக் கதையை எடுக்கவில்லை.

சென்னைப் பெண்ணுக்குக் கடைசியில், லைகனை லைகன் என்றே விட்டுவிடுவோம், மற்றதற்கு ஓநாய் மனிதன் இருக்கட்டும் என்று எழுதினேன். வாசகர்கள் அதற்குப் பிறகு வேறு எதற்கோ சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள்.

சீனி இப்போதும் இடைக்கிடை விழுகிறது. முந்தி மாதிரி இல்லை. வேலை இடத்தில் தன் வருத்தத்தை அவ்வளவு காலமும் மறைத்து வைத்திருந்தவர், ஒருநாள் தன்னோடு வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தான் கெட்ட வார்த்தை பேசினால் கோபிக்காமல் குளுக்கோஸ் தரச் சொன்னாராம். அவர்களில் ஒருவர் தனக்கும் சீனி இருப்பதாக அப்போதுதான் வாய் திறந்தாராம். வந்து இதைச் சொன்னபோது அவருடைய குரலில் சந்தோசம் இருந்தது. அவர் ஊசி போட்டு முடித்ததும் நான் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, அவர் முதல் கவளத்தை விழுங்கும் வரைக்கும் பக்கத்தில் நின்றேன்.