ஹொப்ஸ் பூ மணம்

பிள்ளைகளே, பியரைப் பற்றி நான் எழுதுகிறேனே என்று சிரிக்க வேண்டாம். நான் குடிப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் அது காய்ச்சும் மணம் எங்காவது வந்தால் இன்றைக்கும் என் கால் நின்றுவிடும்.

அப்போது நானும் அம்மாவும் வெளிநாட்டில், கிரவீன் என்ற ஊரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்தார். அவரைப் பிரிந்தபோது நான் கைக்குழந்தை. முகம் படத்தில்தான் தெரியும்.

பக்கத்து வீட்டில் ஒரு ஜெர்மன் அங்கிள். தன் ஊர் முறைப்படி கராஜில் தானே பியர் காய்ச்சுவார். முளைக்கவிட்டுக் காயவைத்த பார்லி, தண்ணீர், ஈஸ்ட், வேலியில் அவரே படரவிட்ட ஹொப்ஸ் கொடியின் பூ. “ஒன்லி ஃபோர்!” என்று நாலு விரலைக் காட்டுவார். ஐந்தாவது சாமான் சேர்ந்தால் அது பியரே இல்லையாம்.

ஒருமுறை அம்மாவிடம் ஒரு போத்தலை நீட்டினார். அம்மா பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். மறுநாள் அங்கிள் ஒரு பை நிறையக் காய்ந்த ஹொப்ஸ் பூவோடு வந்தார். இதில் வெறி இல்லை, தலையணைக்குள் வைத்தால் நித்திரை வரும் என்றார். இரவெல்லாம் எங்கள் வீட்டு லைட் எரிவதைக் கண்டிருக்க வேண்டும்.

கட்டிலில் அப்பாவுக்கென்று போட்டிருந்த தலையணைக்குள் அம்மா அந்தப் பூவை வைத்துத் தைத்தார். அதை அணைத்துக்கொண்டுதான் படுப்பார்.

“ஆரின்ரை தலகணி அம்மா?”

“அப்பான்ரை.”

பிறகென்ன, அந்தக் கசப்பு மணம்தான் அப்பாவின் மணம் என்று முடிவெடுத்துவிட்டேன். அங்கிள் பெரிய பானையை அடுப்பில் ஏற்றும் நாட்களில் “அப்பா வந்திட்டார்!” என்று வேலிக்கு ஓடுவேன். அம்மா வந்து என்னை உள்ளே கூட்டிப்போவார்.

ஒருவழியாக விசா கிடைத்தது. விமான நிலையத்தில் அப்பா என்னை வாரித் தூக்கினார். நான் அவர் கழுத்தில் மூக்கை வைத்துப் பார்த்தேன்.

“இது அப்பா இல்லை. அப்பான்ரை மணம் வரேல்லை.”

“அடேய், கொப்பரடா, உன்ரை அப்பாடா! ஒரு முத்தம் கொஞ்சடா!” என்றார் கூட வந்த மாமி.

“விடுங்கோ அக்கா. பெடியன் மணந்து பாத்துத்தான் சாமான் எடுப்பான் போல” என்றார் அப்பா.

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்ததும் அவர்தான். சிரித்தபடியே என்னை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். கார் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டி பாரமாக்கும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா குளிக்கப் போனார். அம்மா குசினியில் நின்றார். அப்பா கழற்றிக் கதிரையில் போட்ட சேர்ட்டை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் நுழைந்தேன். முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தேன். வியர்வையும் தெரியாத ஒரு சோப்பும் மணந்தன. இன்னொருமுறை இழுத்தேன். பழகவேண்டுமே.