பதிவு செய்த புருஷன்

முப்பது வருஷம் ஒரே மனுஷனோடு குடும்பம் நடத்திய நாகலெட்சுமிக்கு, அவள் கல்யாணமாகாதவள் என்பதைக் கம்பனிதான் முதன்முதலில் எடுத்துச் சொன்னது.

இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள் அவள். மழை அடித்தாலும் அட்டை கடித்தாலும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்தியதில்லை. புருஷன் சிவசாமி தேயிலைச் செடிகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டியவர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து இப்போது வீட்டோடு இருக்கிறார். அவர்கள் குடியிருந்த லயத்துக்கு முன்னால் ஓடும் சாக்கடைக் கானில் விழுந்து முழங்காலை வேறு உடைத்துக்கொள்ளப் பார்த்தார். ஒப்பரேஷன் செய்தால் பார்வை திரும்பும் என்றார் டாக்டர். அரசாங்க ஆஸ்பத்திரியிலோ வரிசை நீண்டு கிடந்தது.

1999இல் கம்பனி தொழிலாளருக்குக் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்கும் கூட்டு மருத்துவக் காப்புறுதி கொண்டுவந்தது. பெண்டாட்டி, புருஷன், பிள்ளைகளுக்கும் உண்டாம். என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தது, இங்கிலீஷில். தமிழில் வந்த ஒற்றைத் தாளில் கிடைப்பவை மட்டும் இருந்தன.

நலன்புரி உத்தியோகத்தர் துரைராசா யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர்தான், விதி என்றால் உயிரை விடுவார்.

"கலியாணப் பதிவுப் பத்திரம் எங்கை?" என்றார், புருஷன் பெயரைச் சேர்க்க வந்த நாகலெட்சுமியிடம்.

"அது இல்லைங்க ஐயா. மாரியம்மன் கோயில்ல தாலி கட்டினாரு. தோட்டமே பார்த்துச்சுங்களே."

"தோட்டம் பார்த்தது மட்டும் காணாது. பதிவு இல்லாட்டி அவர் உங்கட புருஷன் எண்டு கொம்பனி ஏற்காது."

அந்தத் தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் பதிவார்கள், ஆள் செத்தால் பதிவார்கள். கல்யாணத்துக்கு மேளச் சத்தமே போதும் என்றிருந்தார்கள். வேறு வழியில்லாமல் இருவரும் பதிவாளரிடம் போனார்கள். சாட்சிக்கு வந்தவர் சொந்த மருமகன்.

"மணமக்களுக்குச் சம்மதமா?" என்று பதிவாளர் கேட்டதும் சிவசாமி வெட்கத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"இனிமே சம்மதமில்லேன்னா எங்கங்க போறது?" என்றாள் நாகலெட்சுமி. கையெழுத்துப் போடும் இடம் தெரியாமல் அவர் தாளைத் தடவ, அவளே விரலைப் பிடித்து வைத்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பத்திரம் கொழும்பிலிருந்த கம்பனித் தலைமையகத்துக்குப் போய், பதிலும் வந்தது. துரைராசா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சிவசாமியைச் சேர்த்திட்டினம். ஆனா கலியாணத்துக்கு முந்தியே இருந்த வருத்தத்துக்கு, அந்தக் கண் புரைக்கு, காசு தரமாட்டினமாம்."

"கல்யாணம் கட்டறப்ப அவருக்குக் கண்ணு நல்லாத்தாங்க இருந்துச்சு. அடுத்த மலையில நின்னுக்கிட்டே என்னைய பார்த்தவருங்க!"

"அது கோயில் கலியாணம். கொம்பனிக்கு உங்கட கலியாணம் போன மாசந்தான்."

துரைராசாவுக்கு மனசு கேட்கவில்லை. வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று காப்புறுதித் திட்டத்தின் இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"ஒண்டு இருக்கு. புதுசாக் கலியாணம் முடிச்சவைக்குப் பிள்ளைப்பேற்றுச் செலவு முழுக்கத் தருவினம்."

பேரப்பிள்ளை எடுத்துவிட்ட நாகலெட்சுமி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெத்துக் குடுத்துறலாங்க ஐயா. புள்ள மொகத்த அவரு எந்தக் கண்ணால பார்ப்பாரு? அதையும் எழுதியிருக்காங்களான்னு பாருங்க."

துரைராசா புத்தகத்தை மூடினார். மறுநாள் விடியவே புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையின் கடைசியில் போய் நின்றாள், கம்பனி ஏற்றுக்கொண்ட பெண்டாட்டி.